வயிற்று நீரை ஊசியால் வெளியேற்றும் முறைகள் – ஓர் ஒப்பீடு

(விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய பாடங்களுக்கான துணைப்பாடம்)



வினாத்தாளில் “ஒப்பிடுக” என்ற சொல்லைக் கண்டதும் பலர் தடுமாறுகிறீர்கள். ஒன்றைப் பற்றி அரைப் பக்கம், மற்றதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அது ஒப்பீடு அன்று. தனித்தனியான இரண்டு விவரணங்கள். ஒரே அளவுகோலை இரண்டின் மீதும் வைத்துப் பார்ப்பதுதான் ஒப்பீடு.

இதைப் பழகுவதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது உங்கள் பாடநூலில் நேரடியாக இல்லை. ஆனால் அமுக்கம், குருதிச் சுற்றோட்டம், ஈரலின் தொழில்கள், பைதகரஸ் தேற்றம் என நீங்கள் படித்த பலவும் இதில் வருகின்றன. அத்துடன் நம் லயன்களில் பலர் கண்ணால் கண்ட நோய் இது. ஆகவே பரீட்சைக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் உதவும்.

1. மகோதரம் என்றால் என்ன?

“வயித்துல தண்ணி கட்டிருச்சு” என்று நம்மவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கை, கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் பானை போல் பெருத்திருக்கும். இதற்குத் தமிழ் மருத்துவத்தில் மகோதரம் என்று பெயர்.

நமது வயிற்றறையின் உட்சுவரையும் உள்ளுறுப்புகளையும் ஒரு மெல்லிய மென்சவ்வு போர்த்தியிருக்கிறது. இச்சவ்வின் மடிப்புகளுக்கு இடையில் சாதாரணமாக மிகச் சிறிதளவு திரவமே இருக்கும். குடல்கள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கி அசைவதற்கு அது போதும். நோய் காரணமாக அங்கே லீற்றர் கணக்கில் திரவம் தேங்குவதே மகோதரம். ஆகவே நீர் இருப்பது இரைப்பைக்குள்ளோ குடலுக்குள்ளோ அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள இடத்தில்தான். “குடித்த தண்ணீர்தான் வயிற்றில் தங்கிவிட்டது” என்று எழுதினால் அது பிழை.

2. நீர் சேர்வது எப்படி?

மிகப் பொதுவான காரணம் சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுக்க நோய். நீண்டகால மதுப்பாவனை, ஈரலில் கொழுப்புப் படிதல், ஈரல் அழற்சி வைரசுகள் முதலியவற்றால் ஈரல் இழையம் பழுதடைந்து, வடுப்பட்டு, இறுகிப் போகிறது. மது தொடாதவர்களுக்கும் இந்நோய் வரலாம் என்பதை மறவாதீர்கள். வயிறு பெருத்தவரைக் கண்டவுடன் “குடிகாரர்” என்று முடிவு கட்டுவது தவறு. காசநோய், புற்றுநோய், இதய நோய் என்பவற்றாலும் நீர் தேங்கலாம்.

ஈரல் இறுகும்போது இரண்டு விடயங்கள் நடக்கின்றன.

(அ) குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுவரும் ஈரல் வாயினாளத்தில் அமுக்கம் கூடுகிறது. வாய்க்காலை மறித்தால் பின்பக்கம் நீர்மட்டம் உயர்வது போல என்று கொள்ளுங்கள்.

(ஆ) அல்புமின் என்ற புரதத்தை ஈரல்தான் உற்பத்தி செய்கிறது. குருதிக்குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் இப்புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. அல்புமின் குறைந்தால் நீர் குழாய்களை விட்டு வெளியேறுகிறது.

இவற்றுடன் சிறுநீரகங்களும் உப்பையும் நீரையும் உடலில் தேக்கத் தொடங்குகின்றன. எனவேதான் இந்நோயாளருக்கு உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் கூறுகிறார்.

3. ஊசியால் நீரை எடுப்பது எதற்காக?

நோக்கங்கள் இரண்டு.

(அ) சோதனை: சிறிதளவு நீரை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல். அந்நீரில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 250 அல்லது அதற்கு மேற்பட்ட நடுநாடி வெண்குருதிக் கலங்கள் காணப்பட்டால் பற்றீரியாத் தொற்று இருப்பதாகக் கொண்டு உடனே சிகிச்சை தொடங்குவர்.

(ஆ) நிவாரணம்: நீர் அதிகமாகத் தேங்கினால் பிரிமென்றகடு மேல்நோக்கித் தள்ளப்படும். மூச்சுவிட முடியாது, சாப்பிட முடியாது, படுக்க முடியாது. அப்போது பல லீற்றர் நீர் வெளியேற்றப்படும். 1 லீற்றர் நீர் ஏறத்தாழ 1 கிலோகிராம். 6 லீற்றர் எடுத்தால் நோயாளி ஏறத்தாழ 6 கிலோகிராம் சுமையை இறக்கி வைக்கிறார்.

நினைவிற் கொள்க: நீரை எடுப்பதால் ஈரல் நோய் குணமாவதில்லை. அது துன்பத்தைக் குறைக்கிறது. காரணத்தை அறியத் துணை செய்கிறது. காரணம் நீங்காவிடின் நீர் மீண்டும் சேரும்.

4. ஊசி குத்தும் இடம்

இதை வைத்தியசாலையில் பயிற்சி பெற்ற வைத்தியரே செய்வார். பெரும்பாலும் தெரிவு செய்யப்படுவது அடிவயிற்றின் இடப்பக்கம். இடுப்பெலும்பின் முன்பக்க மேல்முனையிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ மேலாகவும் 3 செ.மீ உட்புறமாகவும் அமைந்த இடம் அது. அங்கு வயிற்றுச்சுவர் மெல்லியது; நீரும் அதிகம். வயிற்றுச் சுவரில் மேலும் கீழுமாக ஓடும் குருதிக்குழாய்களும் பழைய சத்திரசிகிச்சைத் தழும்புகளும் தவிர்க்கப்படும். கழியொலி அலையைப் பயன்படுத்தும் ஸ்கான் கருவி மூலம் நீர் எங்கே உள்ளது, குடல் எங்கே உள்ளது எனப் பார்த்துக் கொள்வர். தோலைக் கிருமிநீக்கம் செய்து, விறைக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்த பின்னரே ஊசி உட்செலுத்தப்படும்.

5. பிரச்சினை எங்கே வருகிறது?

நீரை எடுத்து முடித்து ஊசியைக் கழற்றியதும் ஒரு துளை எஞ்சுகிறது. உள்ளே இன்னும் நீர் இருந்தால் அது அத்துளையினூடாகக் கசியலாம். நீங்கள் படித்த சமன்பாட்டை இங்கே பிரயோகியுங்கள்.

திரவ அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்

துளைக்கு மேலே 20 செ.மீ உயரத்துக்கு நீர் நிற்கிறது என்க.
அமுக்கம் = 0.2 × 1000 × 10 = 2000 பஸ்கால்

இந்த அமுக்கம் நீரை வெளியே தள்ளப் பார்க்கும். கசிந்தால் உடையும் படுக்கையும் நனையும்; தோல் புண்ணாகும்; கிருமிகள் உட்புகவும் வழியுண்டு. கசிவைத் தடுப்பதற்காகவே ஊசி செலுத்தும் முறைகளில் வேறுபாடு தோன்றியது.

6. மூன்று முறைகள்

முறை 1 – நேர்முறை: தோலுக்குச் செங்குத்தாக ஊசி உட்செலுத்தப்படும். தோலில் உள்ள துளையும் உட்சவ்வில் உள்ள துளையும் ஒரே நேர்கோட்டில் அமையும். தகரக் கூரையில் ஆணி அடித்துக் கழற்றிய துளை போன்றது இது. மழை நேராக உள்ளே இறங்கும்.

முறை 2 – இசட் முறை: ஒரு கையால் தோலை ஏறத்தாழ 2 செ.மீ கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஊசியைச் செலுத்துவர். நீர் வரத் தொடங்கும்வரை இழுத்த பிடி விடப்படாது. இறுதியில் ஊசியைக் கழற்றியதும் தோல் தன் பழைய இடத்துக்குச் செல்லும். இப்போது வெளித்துளை ஓரிடம், உள்துளை வேறிடம். பாதை வளைந்து போவதால் ஆங்கில எழுத்தான இசட்டின் பெயர் இதற்கு வந்தது. கொழுந்து பறிப்போர் இடுப்பில் கட்டும் படங்கை இரண்டாக மடித்து, ஊசியால் குத்திவிட்டு, மேல் மடிப்பைச் சற்று நகர்த்திப் பாருங்கள். இரு துளைகளும் விலகிவிடும். நீர் எளிதில் இறங்காது. தசையில் ஏற்றும் சில ஊசி மருந்துகளுக்கும் இதே உத்தி பயன்படுகிறது.

முறை 3 – சாய்முறை: தோலை இழுப்பதில்லை. ஊசி தோலுடன் ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் செலுத்தப்படும். துளை நேராக இல்லாமல் சரிவாகச் செல்வதால் இங்கும் இரு துளைகள் ஒன்றுக்கொன்று விலகி அமைகின்றன.

கணித மாணவர்கள் கவனத்துக்கு: வயிற்றுச் சுவரின் தடிப்பு 3 செ.மீ எனக் கொள்வோம்.

நேர்முறையில் பாதையின் நீளம் 3 செ.மீ, துளைகளின் விலகல் 0.
இசட் முறையில் விலகல் 2 செ.மீ; பாதை ஏறத்தாழ √(3² + 2²) = √13 ≈ 3.6 செ.மீ.
சாய்முறையில் விலகல் 3 செ.மீ; பாதை √(3² + 3²) = √18 ≈ 4.2 செ.மீ.

உடல் இரப்பர் தாள் போல் சீரானதன்று. ஆகவே இது விளக்கத்துக்கான எளிய கணிப்பு மட்டுமே. ஆயினும் நேர்த்துளையைவிட மற்ற இரண்டும் கசிவைத் தடுக்கும் எனக் கருதப்படுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

7. ஒப்பீட்டு அட்டவணை

| அடிப்படை | நேர்முறை | இசட் முறை | சாய்முறை |
|---|---|---|---|
| ஊசியின் திசை | செங்குத்து | செங்குத்து, தோல் இழுக்கப்படும் | ஏறத்தாழ 45 பாகை சாய்வு |
| துளைகளின் அமைவு | ஒரே கோட்டில் | விலகி | விலகி |
| ஊசி செலுத்தும்போது தோலைப் பிடிக்க ஒரு கை | வேண்டியதில்லை | வேண்டும் | வேண்டியதில்லை |
| செய்பவருக்கு உள்ள இலகு | இலகு | சற்றுக் கடினம் | இலகு |
| நோக்கம் | நீரை எடுத்தல் | நீரை எடுத்தல், கசிவைக் குறைத்தல் | நீரை எடுத்தல், கசிவைக் குறைத்தல் |

இடது பக்க நிரலைப் பாருங்கள். ஒவ்வொரு அடிப்படையிலும் மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்திருக்கிறோம். ஒப்பீட்டு விடைக்கு வேண்டிய அமைப்பு இதுவே.

8. எது சிறந்தது?

இசட் முறையே கசிவை நன்கு தடுக்கும் என்று வைத்திய மாணவர்களுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. காரணமும் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் விஞ்ஞானத்தில் காரணம் பொருத்தமாக இருந்தால் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு சோதித்தார்கள். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அதிகளவு நீர் எடுக்கப்பட்ட 72 சந்தர்ப்பங்கள் எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியில் இசட் முறையும் மறு பகுதியில் சாய்முறையும் கையாளப்பட்டன. கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நோயாளர் உணர்ந்த வலியும், வைத்தியர் உணர்ந்த கடினமும் இசட் முறையில் அதிகமாக இருந்தன.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? “இசட் முறை தவறு” என்பதா? இல்லை. 72 என்பது சிறிய எண்ணிக்கை. அந்த ஆய்வில் நேர்முறை ஒப்பிடப்படவும் இல்லை. “கசிவைத் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமம், வலியையும் இலகுவையும் பார்த்தால் சாய்முறைக்குச் சாதகம் உண்டு” என்பதே சரியான முடிவு. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே எழுத வேண்டும். விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி வரலாற்று வினாவுக்கும் இது பொருந்தும்.

9. வரலாற்றிலிருந்து

இச்சிகிச்சை புதியதன்று. சுசுருத சங்கிதை என்னும் பண்டைய இந்திய மருத்துவ நூல் வயிற்று நீரைக் குத்தி எடுக்கும் முறையைக் கூறுகிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில் குத்துதல், குழாய் வைத்து நீரை வடித்தல், முழுவதையும் ஒரே நாளில் எடுக்காமை, பின்னர் வயிற்றைத் துணி முதலியவற்றால் இறுகக் கட்டுதல் என்பன அதில் உள்ளன. இடப்பக்கம் என்ற தெரிவு இன்றைய முறையோடு ஒத்திருப்பதைக் கவனியுங்கள்.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பீத்தோவனுக்கு வியன்னா நகரில் 1826 டிசம்பருக்கும் 1827 பெப்ரவரிக்கும் இடையில் நான்கு தடவை வயிற்று நீர் எடுக்கப்பட்டது. தடித்த கருவியால் துளையிட்ட காலம் அது. துளையிலிருந்து நீர் கசிந்து அவர் அவதிப்பட்டார். 1827 மார்ச் 26 அன்று காலமானார். பிரேத பரிசோதனையில் அவரது ஈரல் சுருங்கி இறுகியிருந்தமை தெரியவந்தது. மெல்லிய ஊசி, கிருமிநீக்கம், விறைப்பு மருந்து, ஸ்கான் ஆகியவை இன்று உண்டு. அன்று இவற்றில் எதுவுமே இல்லை.

10. “தண்ணி எடுத்தா ஆளு தாங்காது” – சரியா?

நம் பகுதியில் சிலர் இப்படிச் சொல்லி, நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பவே தயங்குவதுண்டு. இந்த எண்ணம் ஏன் வந்தது என்று சிந்தியுங்கள். பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே நீர் எடுக்கப்படுகிறது. அதன் பின்னர் சிலர் இறந்து போகிறார்கள். ஒன்றன்பின் ஒன்று நடந்ததால் முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் உயிரைப் பறித்தது முற்றிய ஈரல் நோய்.

நீர் எடுப்பதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடுமையான குருதிப்பெருக்கு ஏற்படலாம். ஆனால் அது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. அதிகளவு நீரை எடுத்தால் குருதிச் சுற்றோட்டம் பாதிக்கப்பட்டு, சிறுநீரகங்களும் பழுதுபடலாம். இதைத் தடுக்க, ஈரல் இறுக்க நோயாளரிடம் 5 லீற்றருக்கு மேல் எடுக்கும்போது ஒவ்வொரு லீற்றருக்கும் 6 முதல் 8 கிராம் வரை அல்புமின் நாளத்தினூடாக ஏற்றப்படும். உதாரணமாக, 6 லீற்றர் எடுத்தால் 36 முதல் 48 கிராம் வரை.

எடுக்காமல் தாமதிப்பதன் ஆபத்தோ இதைவிடப் பெரிது. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயிற்று நீரில் கிருமித்தொற்று ஏற்பட்டிருந்த நோயாளரைப் பார்த்தார்கள். வைத்தியசாலைக்கு வந்து 12 மணித்தியாலத்துக்குள் நீர் எடுத்துச் சோதிக்கப்பட்டவர்களைவிட, அதற்குப் பின்னர் சோதிக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஊசியை நேராகக் குத்துவதா சாய்வாகக் குத்துவதா என்பதால் வலி சற்றுக் கூடும் அல்லது குறையும். உரிய நேரத்தில் குத்துவதா தாமதிப்பதா என்பதில் உயிரே தங்கியிருக்கிறது. இப்பாடத்தின் சாரம் இதுவே.

11. நாம் செய்ய வேண்டியவை

• வயிறு பெருத்து, கால் வீங்கி, கண் மஞ்சளானால் நாட்டுச் சாராயமோ கைவைத்தியமோ தேடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தோட்ட மருந்தகத்தில் காட்டினால் அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவர்.

• வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, தடுமாற்றமான பேச்சு, இரத்த வாந்தி, கறுப்பு மலம் இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயனுக்கு வரும் பாதை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர் பதற்றப்பட்டால் நீங்களே பேசுங்கள்.

• நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை முதலியன அரசாங்க வைத்தியசாலைகள். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். “செலவாகும்” என்ற பயம் வேண்டாம்.

• நீர் எடுத்து வந்தவரின் கட்டு நனைந்தால் மறைக்காமல் மீண்டும் காட்ட வேண்டும். மதுவை முற்றாக நிறுத்த வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அச்சாறு என்பவற்றில் உள்ளதும் உப்பே.

• டெங்குக் காய்ச்சலிலும் வயிற்றறையில் நீர் கசிந்து தேங்கலாம். அது உடலால் மீள உறிஞ்சப்படும். பொதுவாக ஊசியால் எடுக்கப்படுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

12. மாதிரி வினாவும் விடையும்

வினா: வயிற்று நீரை வெளியேற்றும் இசட் முறையையும் சாய்முறையையும் ஒப்பிடுக. (6 புள்ளிகள்)

விடை:
ஒற்றுமைகள் – (1) இரண்டும் வயிற்றறையில் தேங்கிய திரவத்தை வெளியேற்றப் பயன்படுகின்றன. (2) இரண்டிலும் வெளித்துளையும் உள்துளையும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. (3) இரண்டினதும் சிறப்பு நோக்கம் கசிவைக் குறைத்தலாகும்.

வேற்றுமைகள் – (1) இசட் முறையில் தோல் இழுத்துப் பிடிக்கப்படும், சாய்முறையில் இழுக்கப்படுவதில்லை. (2) இசட் முறையில் ஊசி செங்குத்தாகவும், சாய்முறையில் ஏறத்தாழ 45 பாகை சாய்வாகவும் செல்லும். (3) 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி இசட் முறையில் வலியும் கடினமும் அதிகம், சாய்முறையில் குறைவு.

பரீட்சைக் குறிப்பு: வேற்றுமை எழுதும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். “இசட் முறையில் தோல் இழுக்கப்படும்” என்று எழுதி நிறுத்தினால் அரைவாசி விடைதான் ஆகும். “சாய்முறையில் இழுக்கப்படுவதில்லை” என்பதையும் சேர்த்தால்தான் புள்ளி முழுமையாகக் கிடைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மகோதரத்தில் நீர் தேங்கும் இடம் எது? அது இரைப்பையினுள் இல்லை என எவ்வாறு விளக்குவீர்?
2. குருதியில் அல்புமின் குறைவதற்கும் வயிற்றில் நீர் சேர்வதற்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. துளைக்கு மேல் நீரின் உயரம் 15 செ.மீ எனின் அமுக்கம் எவ்வளவு?
4. நீர் எடுத்த பின் நோயாளி இறந்தால், நீர் எடுத்ததே காரணம் எனக் கூறலாமா? உமது விடைக்குக் காரணம் தருக.

நான்காவது வினாவின் விடையைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதியதோடு நிறுத்தாமல், இன்றிரவு வீட்டில் உள்ளவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.